தெரியாமல் செய்த சேதம்



தெரியாமல் செய்தது பாவமாகாது என்று அன்புக்கொடி மக்கள் பலரும் சொல்வதுண்டு. மனதில் வஞ்சகம் இல்லாதபோது பாவம் எங்கிருந்து வரும்? சரிதான். ஆனால் பாவம் வேறு, சேதம் வேறு.

திருவண்ணாமலையில் பவுர்ணமி இரவு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரத்தில் ஒரு தாய் சாக்கு விரித்து அகல் விளக்கு விற்கிறாள். மலையைக் கும்பிட்டபடி நடக்கும் ஒருவரின் கால் பட்டுப் பத்து அகல் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். "தெரியாமல் பட்டுவிட்டது அம்மா" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டலாம். சொன்னது உண்மையே. ஆனால் நட்டம் காற்றில் கரைந்து போகாது. அவர் சுமக்காவிட்டால் அந்தத் தாய் சுமக்க வேண்டும். அவளோ உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக்கூட இல்லை.

இதே மலையில் வாழ்ந்த ரமண மகரிஷிக்கு ஒரு நாள் இப்படி நேர்ந்தது. புதருக்குள் இருந்த குளவிக் கூட்டில் அவர் கால் தெரியாமல் பட்டுவிட்டது. குளவிகள் அந்தக் காலைச் சூழ்ந்து கொட்டின. கூட்டைக் கலைத்தது இந்தக் கால்தானே என்று அவர் காலை இழுக்காமல் நின்றார், கால் வீங்கிப்போயிற்று. பின்னாளில் சீடரான புலவர் முருகனார், தற்செயலாக நடந்ததற்கு ஏன் வேண்டுமென்று செய்ததுபோல் வருந்தினீர்கள் என்று கேட்டார். தெரியாமல் செய்திருந்தாலும், அதற்காக வருந்தக்கூட முடியாவிட்டால் அது என்ன மனம் என்ற கருத்தில் மகரிஷி ஒரு வெண்பாவில் பதில் சொன்னார். குளவி பஞ்சாயத்துக் கூட்டி வழக்குப் பேசப் போவதில்லை. அவர் ஓடியிருந்தால் கேட்பாரில்லை. அப்படியும் நின்றார்.

எவ்வளவு கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. தெரியாமல் தேரேற்றிக் கன்றைக் கொன்ற மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை திருவாரூரில் இன்றும் சொல்லப்படுகிறது. கேட்டால் நெஞ்சு நடுங்கும். அன்றாடக் கணக்குக்கு அது அளவாகாது. ஈசன் வந்து இருவரையும் எழுப்பியிராவிட்டால் பசுவுக்குக் கன்றும் கிடைத்திராது, அரசனுக்கு மகனும் இருந்திரான். பத்து அகலுக்குப் பத்து அகலின் விலை. அந்த இரவு முழுவதற்குமான வியாபாரத்தையோ, நாலு பேர் முன்னால் வாங்கும் வசவையோ அதில் சேர்ப்பது நீதியல்ல.

பின்னால் வந்த கூட்டம் நெட்டித் தள்ளியதால் கால் பட்டதென்றால்? கடன் முழுவதும் அவருடையது என்று அடித்துச் சொல்ல முடியாது. தள்ளியவரை அந்த நெரிசலில் தேடவும் முடியாது. பாதி விலையாவது கொடுத்து, குனிந்து ஓடுகளைப் பொறுக்கித் தந்தால் அந்தத் தாய் முறையிட மாட்டாள்.

பொறுமை அய்யா காட்டிய வழி. ஆனால் இங்கே பொறுக்கும் உரிமை இழந்தவளுக்கே உண்டு. உடைத்தவர் அதைக் கேட்டு வாங்க முடியாது. "போகட்டும் சாமி, நீங்க நடங்க" என்று அவள் சொல்லலாம். அவர் கை மடியில் போய்க் காசை எடுத்த பிறகு சொல்லட்டும்.