பெரும்பாடு

சித்தியின் மஞ்சப்பைக்குள் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட், ஒரு மாற்றுப் புடவை, மடித்து வைத்த பழந்துணி. அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரிக்கு பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்கும் மாற்றுப் புடவை இல்லாமல் அவர் கிளம்புவதில்லை. தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவர் கோயிலுக்குப் போவதை ஒரு வருடமாக நிறுத்தியிருந்தார். தீட்டு எப்போது வரும், எப்போது நிற்கும் என்றே தெரியாதபோது எந்த நாளை நம்பிக் கோயிலுக்குப் புறப்படுவது? வயது 46.

ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார். “கட்டின்னு போட்டிருக்காங்க கண்ணு. எடுத்துட்டா நிம்மதின்னு எல்லாரும் சொல்றாங்க. எடுத்துடலாமா?”

எதை எடுப்பது, கட்டியையா, கர்ப்பப்பையையா? அவரிடம் பேசியவர்கள் யாரும் இரண்டையும் பிரித்துச் சொல்லவில்லை.

‘கட்டி’ என்றாலே நம் பக்கத்தில் புற்றுநோய் என்றுதான் காதில் விழுகிறது. ஃபைப்ராய்டு என்கிற நார்த்திசுக் கட்டி அந்த வகை அல்ல. கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசையின் ஒரே ஒரு செல் கட்டுப்பாடு இழந்து பெருகி, நாரோடு சேர்ந்து உருண்டு திரள்கிறது. அறுத்துப் பார்த்தால் வெள்ளை நூலைச் சுற்றிச் சுற்றி உருட்டிய பந்து போல இருக்கும். இது மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. ஃபைப்ராய்டு போலத் தோற்றம் காட்டுகிற புற்றுக் கட்டி மிக அரிது. அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 50 வயதை எட்டுவதற்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கும் இந்தக் கட்டி வந்துவிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பவர்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரானும்தான் அதற்குத் தீனி. மாதவிலக்கு நிற்கும் வயதில் அந்தத் தீனி குறைய, கட்டியும் தானாகச் சுருங்கும்.

அப்படியானால் ஒருத்தியைப் படுக்கையில் தள்ளுவதும் இன்னொருத்தியைத் தொடாமல் விடுவதும் எதனால்? ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எல்லோர் கண்ணும் சென்டிமீட்டருக்குப் போகிறது. கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் புடைத்த கட்டி தேங்காய் அளவு வளர்ந்தாலும் தீட்டு வழக்கம்போலவே வரலாம். ஆனால் முன்னால் இருக்கும் மூத்திரப்பையை அழுத்தி ராத்திரியில் நான்கு முறை எழுப்பும். பின்னால் அழுத்தினால் மலச்சிக்கலும் இடுப்பு வலியும். உள்ளறைக்குள் துருத்திய கட்டி நெல்லிக்காய் அளவே இருந்தாலும் ரத்தத்தைக் கொட்ட வைக்கும். சுவரின் நடுவில் புதைந்தது இரண்டுக்கும் இடைப்பட்டது. சித்திக்கு இருந்தது அது. நான்கு சென்டிமீட்டர், பின்சுவர், உள்ளறை கோணவில்லை.

தீட்டு நிற்பதற்குக் கர்ப்பப்பை தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு, திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை நெரிக்க வேண்டும். நடுவில் ஒரு பந்து கிடந்தால் அந்தப் பிடி இறுகாது. கட்டியைச் சுற்றிய குழாய்களும் வீங்கியிருக்கும். உள்ளறை அகன்றிருந்தால் உதிர வேண்டிய சவ்வின் பரப்பும் கூடிவிடும். சித்த வைத்தியம் இதைப் பெரும்பாடு என்கிறது. தமிழ் பைபிளிலும் அதே சொல்தான். இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை.

அந்தப் பாட்டைக் கணக்காகப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். சாதாரணத் தீட்டில் போவது 30, 40 மில்லி ரத்தம். 80 மில்லியைத் தாண்டினால் மருத்துவர்கள் அதிகம் என்பார்கள். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வதோ ஒன்று, இரண்டு மில்லிகிராம். அதிலும் பாதிக்கு மேல் அன்றாடச் செலவுக்கே சரி. மாதம் 200 மில்லி கொட்டும் பெண்ணுக்கு 100 மில்லிகிராம் இரும்பு போகிறது. எந்தக் கீரையாலும் இந்தப் பள்ளத்தை மேடாக்க முடியாது. “நல்லா சாப்பிடு, சரியாப் போகும்” என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

யாரும் மில்லி அளந்து பார்ப்பதில்லை. ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை துணி மாற்ற வேண்டியிருக்கிறதா, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ரத்தம் கட்டி கட்டியாக விழுகிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும். சித்திக்கு மூன்றும் இருந்தது. நாலாவது ஒன்றும் இருந்தது, அதை அவர் நோயென்றே நினைக்கவில்லை. முந்தானையில் எப்போதும் ஒரு கைப்பிடி பச்சரிசி முடிந்திருக்கும். வேலைக்கு நடுவே மென்றுகொண்டே இருப்பார். சின்ன வயதில் எங்களிடம், பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்பார்கள். பச்சரிசி, மண், சாம்பல், ஐஸ்கட்டி என்று நாக்கு தேடுவது பல நேரம் இரும்புச்சத்து வற்றிப்போனதன் அடையாளம். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு 7.2. இதயம் இரட்டை வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டு குடம் தண்ணீர் தூக்கியதும் திண்ணையில் உட்கார்ந்துவிடுவதை வீட்டில் எல்லோரும் வயசாகிறது என்றே எடுத்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

எனவே சிகிச்சை கட்டியில் தொடங்கவில்லை, ரத்தத்தில் தொடங்கியது. எட்டுக்குக் கீழே போனால் கடும் ரத்தசோகை. ரத்தக் குழாய் வழியாக இரும்பு ஏற்றினார்கள், பிறகு மாத்திரை. மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்து பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அது இயல்புதான். களியும் கீரையும் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு உள்ளே சேராது, நெல்லிக்காய் சேர்த்தால் சேரும். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் பெயரைச் சுமக்கிற ஊரில் இதைச் சொல்லும்போது சித்தி சிரித்துவிட்டார்.

ரத்தப்போக்கைக் குறைக்க, தீட்டு நாட்களில் மட்டும் விழுங்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் இருக்கிறது. ரத்தக் குழாயில் உறைகட்டி வந்தவர்களுக்கு அது ஆகாது. புரோஜெஸ்டிரான் வகை ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் ‘காயில்’ என்ற சிறு சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்தால் சில வருடங்களுக்குப் போக்கு வெகுவாகக் குறையும். உள்ளறை கோணியிருந்தால் அது நழுவி விழக்கூடும். கட்டியைச் சுருக்கும் ஊசிகள் அறுவைக்கு முன் சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும். உள்ளறைக் கட்டியை வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே கருவி விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். குழந்தை வேண்டுமென்பவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைத் தைத்துவிடும் அறுவை உண்டு, பிற்பாடு புதிய கட்டி முளைக்கலாம் என்ற எச்சரிக்கையோடு.

இன்னொன்று தற்செயலாகக் கிடைத்த வழி. பாரிஸில் ஜாக் ரவினா என்ற மருத்துவரும் அவர் குழுவும், அறுவையின்போது ரத்தம் அதிகம் போகாமலிருக்கக் கட்டிக்குப் போகும் தமனியை முன்கூட்டியே அடைத்து வைத்தார்கள். அறுவைக்குக் காத்திருந்த பெண்களில் பலருக்குத் தொல்லையே போய்விட்டது, கத்தி தேவைப்படவில்லை. 1995இல் அதை வெளியிட்டார்கள். இன்று பெரிய நகர மருத்துவமனைகளில் அது கிடைக்கிறது.

இவ்வளவும் இருக்க, கர்ப்பப்பையை எடுப்பதுதான் நம் பெண்களுக்கு முதலில் நீட்டப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பை இழந்திருந்தது 2019இல் வெளியே வந்தது. மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த அறுவையே தவறு என்று நான் சொல்லவில்லை. வேறெதற்கும் அடங்காத போக்குக்கும் வயிற்றை அடைத்த கட்டிக்கும் அதுவே முழு விடுதலை. சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப் போகிறார்களா என்பதை மட்டும் கையெழுத்துப் போடும் முன் கேட்டே ஆக வேண்டும். அவை போனால் மாதவிலக்கு நிற்கும் காலம் ஒரே நாளில் வந்து, எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும்.

சித்தி 45ஐத் தாண்டியவர் என்பதால் உட்சவ்வில் துளி எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் கட்டியின் மேல் பழியைப் போடாமல் உடனே வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். காயில் வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன் என்று முடிவானது. முதல் மூன்று மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. இதுவும் வீண்தானோ என்று போனில் அழுதார். நாலாம் மாதம் அடங்கியது.

போன அஷ்டமிக்கு அவரோடு கோயிலுக்குப் போயிருந்தேன். மாற்றுப் புடவையைப் பையில் வைத்திருந்தார். அந்தப் பயம் சீக்கிரம் போகாது. முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். சில்லறை மட்டும் இருந்தது.

“அரிசி எங்கே சித்தி?”

“வாயில போட்டா பிடிக்கவே மாட்டேங்குது கண்ணு” என்றார்.