காலும் ஓர் அமானிதம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நாம் ஆலிம்கள் அல்லோம். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு நிறுத்திக் கல்லாப் பெட்டிக்கு வந்தவர்கள். எனினும் நம் பிள்ளைகளின் நலம் பற்றிப் பேசுவது நம் கடமை. ஆதலால் பந்தாடும் பையன்களின் கால்வலி குறித்துச் சில சொல்ல விழைகிறோம்.

ஜொகூரில் பந்தாட்டம் என்றால் பையன்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நம் மாநிலக் குழு 2014 முதல் ஆண்டுதோறும் லீக் பட்டம் வென்று வந்ததைக் கண்டு வளர்ந்தவர்கள் அல்லவா? ஆடட்டும், உடல் உரம் பெறட்டும். ஆனால் பலருக்கு முழங்காலிலும் குதிகாலிலும் ஓயாத வலி இருக்கிறது. சொன்னால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று மறைக்கிறார்கள். மறைத்த வலி பள்ளிவாசலில் வெளிப்பட்டுவிடுகிறது. ஸுஜூதில் முழங்கால் ஊன்ற முடியாமல் பையன் நாற்காலியைத் தேடுகிறான். உடனே பெரியவர் ஒருவர், “பந்து உதைக்க முடிகிறது, தொழ மட்டும் முடியாதோ?” என்று கடிந்துகொள்கிறார். பையன் தலை குனிகிறான். அடுத்த வாரம் பள்ளிவாசலுக்கே வருவதில்லை. ஒரு சொல்லால் ஒரு தொழுகையாளியை இழந்தோம் அன்றோ!

பெரியவரின் கேள்வி நியாயம்போல் தோன்றும். உடலின் அமைப்பை அறிந்தால் அப்படித் தோன்றாது. வளரும் வயதில் எலும்பின் முனை இன்னும் முற்றாத குருத்தாக இருக்கிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் தொடைத் தசை அதைப் பிடித்து இழுக்கிறது. முழங்காலுக்குக் கீழே புடைத்து வலிக்கிறது. இதற்கு ஆஸ்குட் ஷ்லாட்டர் நோய் என்று பெயர். அந்தப் புடைப்புத் தரையில் பட்டால் உயிர் போகும். ஆகவே ஓடுவதைவிட மண்டியிடுவதுதான் சிலருக்குக் கடினம். குதிகாலில் வந்தால் சீவர் நோய் என்பர். வளர்ச்சி முடிந்ததும் இவை பெரும்பாலும் தாமே தணிந்துவிடும். அதுவரை ஆட்டத்தைக் குறைப்பதும், ஐஸ் ஒற்றடமும், தசையைத் தளர்த்தும் பயிற்சியும், பாதத்துக்கு ஏற்ற சப்பாத்தும் வேண்டும்.

நம் மார்க்கம் இதில் இடுக்கண் வைக்கவில்லை. நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிட்டால் உட்கார்ந்து தொழவும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஆகவே நிற்க முடிந்த பையன் நிற்கட்டும். மெத்தென்ற விரிப்பிட்டால் மண்டியிட முடியுமானால் அப்படிச் செய்யட்டும். அதுவும் முடியாத நிலையில் மட்டும் அமர்ந்து சைகையால் தொழட்டும். விவரத்தை அவரவர் மத்ஹபு ஆலிமிடம் கேட்டுக்கொள்க. ஆனால் தம்பி, தொழுகையில் மண்டியிட முடியாத முழங்காலோடு மாலையில் திடலுக்கு ஓடாதே. உடலுக்கும் உன்மேல் உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள்.

ஸஹாபாக்களின் கால்களை நினைத்துப் பாருங்கள். தாத்துர் ரிகா பயணத்தில் ஆறு பேருக்கு ஓர் ஒட்டகம். நடந்து நடந்து பாதம் தேய்ந்து, அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களின் கால் நகங்கள் உதிர்ந்தன. அவர்கள் கந்தைத் துணிகளைக் காலில் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அந்தப் பயணத்துக்குப் பெயர் வந்ததே அந்தத் துணியால்தான். பொறுமை என்பது இதுவே: புண்ணைக் கட்டவும் வேண்டும், நடக்கவும் வேண்டும். அய்யூப் (அலை) அவர்களின் நீண்ட நோய்க்குப் பின்னும், காலால் தரையைத் தட்டச் சொல்லி, குளிர்ந்த நீரையே மருந்தாக அல்லாஹ் தந்தான். மருந்தை நாடுவது தவக்குலுக்கு மாறன்று.

உலகிலும் சான்று உண்டு. ஸ்பெயின் டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலுக்கு 2005இல், 19 வயதில், இடது பாத எலும்பில் தீராத நோய் கண்டது. அவர் மருத்துவரிடம் சென்றார், சப்பாத்தின் உள்ளமைப்பை மாற்றினார், ஓய்வெடுத்தார், மீண்டும் ஆடினார். 2022இல் பிரெஞ்சுப் பட்டத்தை 14ஆம் முறை வென்றார். சேலம் மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளை மாரியப்பன் தங்கவேலு 5 வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தவர். காய்கறி விற்ற தாயார் வளர்த்தார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், 2021இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய குறிகள் சில: காலையில் மூட்டு விறைத்துப் பிடித்தல், 6 வாரம் கடந்தும் வீக்கம், இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைதல். பிள்ளைகளுக்கும் மூட்டுவாதம் வரும். காலம் கடத்தினால் மூட்டு கெடும். உருவி விடுகிறவரிடம் ஓடாமல் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம்.

இறுதியாக, வணிகர்களாகிய நமக்கு ஒரு சொல். மூட்டுவலிக்கென்று பெயரில்லாத மாத்திரைகளும் ஜாமுப் பொட்டலங்களும் கடைக்கு வருகின்றன. அவற்றில் சிலவற்றில் டெக்ஸாமெத்தாசோன் என்னும் ஸ்டீராய்டு கள்ளமாகக் கலந்திருப்பதை மலேசிய மருந்து அதிகாரிகள் பலமுறை கண்டு எச்சரித்துள்ளார்கள். வலி உடனே ஓடும். பின்னர் முகம் ஊதும், எலும்பு நொய்யும், பிள்ளையின் வளர்ச்சி தடைப்படும். மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லாத மருந்தை விற்காதீர்கள். நாலு வெள்ளி லாபத்துக்கு ஒரு பிள்ளையின் எலும்பை விற்றால், அந்த லாபத்தில் பரக்கத் எங்கே இருக்கும்? பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரினும் கொடுக்கலாகாது.

பையனின் வலியைக் கேளுங்கள், மருந்து செய்யுங்கள், பள்ளிவாசலில் அவனுக்கு இடம் விடுங்கள். நம் பிள்ளைகளின் கால்களை அல்லாஹ் நேர்வழியிலும் நலத்திலும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.