கலப்பில்லாத சுங்கான்



"முனை முதல் அடி வரை ஒரே மரம். கலப்பே இல்லை!"

இவ்வாறு கூறி, தம் கையிலிருந்த சுங்கானை விளக்கொளியிலே திருப்பித் திருப்பிக் காட்டினார் பேராசிரியர் ஒருவர். நான் மதிக்கும் மனிதர். சாதி கடந்து மணம் புரிந்தவர். மேடைதோறும் கலப்பு மணத்தை ஆதரித்து முழங்குபவர். அன்று மாலையும் அத்தகைய மணவிழா ஒன்றிலே வாழ்த்துரை வழங்கிவிட்டுத்தான் வீடு திரும்பியிருந்தார். 'கலப்பே இல்லை' என்று சொன்னபோது அவர் முகத்திலே பூத்த பெருமிதம் என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. மரத்துண்டைப் பற்றிய பேச்சுத்தானே, மனிதரைப் பற்றியதா என்று என்னையே தேற்றிப் பார்த்தேன், தேறவில்லை.

சுங்கானுக்கு உறுப்பு இரண்டு. புகையிலை எரியும் கிண்ணமும் அதனோடு சேர்ந்த தண்டும் ஒன்று. பல்லால் கவ்விப் புகையை இழுக்கும் வாய்முனை மற்றொன்று. கிண்ணம் நெருப்பைத் தாங்க வேண்டும். வாய்முனை எச்சிலையும் கடியையும் தாங்க வேண்டும். வேலை இரண்டு, ஆகவே பொருளும் இரண்டு. கிண்ணத்திற்குப் பிரையர் மரம். வாய்முனைக்குக் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பராகிய எபோனைட், அல்லது அக்ரிலிக். பெரும்பாலோர் வழக்கம் இதுவே. வாய்முனையும் பிரையராகவே இருந்தாக வேண்டும் என்று தேடி வாங்குவோர் ஒரு சிலர். பேராசிரியர் அந்த ஒரு சிலரில் ஒருவர்.

பிரையர் என்ன, உயர்குலத்து மரமா? பெயரைக் கேட்டு மயங்காதீர்! கார்சிகா, சார்டினியா, கலாப்ரியா, அல்ஜீரியா என மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த வறண்ட மேடுகளிலே மண்டிக் கிடக்கும் புதர் அது. எரிக்கா ஆர்போரியா என்பது தாவர நூலார் இட்ட பெயர். அதன் கிளை சுங்கானுக்கு உதவாது. தண்டும் வேரும் சந்திக்கும் இடத்திலே, மண்ணோடு மண்ணாய்ப் புடைத்து வளரும் முண்டுதான் வேண்டும். காட்டுத்தீ புதரைப் பொசுக்கிச் சென்ற பின்னும் இம்முண்டிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். அதை அகழ்ந்தெடுத்து, வெடித்துவிடாமல் ஈரத்திலே காத்து, கட்டைகளாக அறுத்து, பல மணி நேரம் நீரிலே கொதிக்க வைத்துக் கசப்புச் சாற்றை வெளியேற்றி, மாதக்கணக்கிலே உலர்த்துகிறார்கள். அப்பாடுபட்ட பிறகும் கடையும்போது உள்ளே மணற்குழி தென்படும். மக்கு வைத்து அடைத்துச் சாயம் பூசி மறைப்பதும் உண்டு. பிறவியால் வந்த பெருமை இதிலே எங்கே? நெருப்புக்கும் நீருக்கும் உளிக்கும் ஈடுகொடுத்துப் பெற்ற பெருமையன்றோ இது!

பிரெஞ்சு நாட்டு ஜூரா மலையிலே சேன் குளோட் என்றோர் ஊர். 1850களிலே பிரையர் வேர் இவ்வூர்க் கடைசல்காரர்களின் கைக்கு வந்தது. உலகமே அறிந்த சுங்கான் நகரமாயிற்று. அதற்கு முன்னர் அவர்தம் முன்னோர் நெடுங்காலம் கடைந்தவை எவை தெரியுமா? ஜெபமாலை மணிகள்! சிலுவைகள்! புனிதர் ஒருவரின் உடலைத் தரிசிக்க வந்த யாத்திரிகர்களிடம் விலைபோன பக்திச் சரக்குகள்! அவ்வூர் மடத்து நிலங்களிலே உழன்ற குடியானவர்களோ பண்ணையடிமைகள். உடன் வாழும் பிள்ளையின்றி இறந்தால், அவர்கள் சொத்து மடத்துக்கு. வெளியூரான் அந்நிலத்திலே ஓராண்டும் ஒரு நாளும் குடியிருந்தால், அவனும் அடிமை. 1770 முதல் இக்கொடுமையை எதிர்த்து எழுதுகோல் ஏந்தினார் நாம் போற்றும் வால்டேர். வழக்குத் தோற்றது. 1778-இல் அவர் கண்மூடியபோதும் விலங்கு உடையவில்லை. 1789-இல் புரட்சிதான் அதை உடைத்தது. பிறந்த மண்ணையும் குடியிருந்த மண்ணையும் கொண்டு மனிதனை எடைபோட்ட ஊரிலே, பின்னாளில், புதரின் வேரைக்கூட அது தாங்கும் நெருப்பைக் கொண்டு எடைபோட்டார்கள்!

இனி, கலப்பில்லாத சுங்கானின் கதையைப் பாருங்கள். மரம் எச்சிலை உறிஞ்சும், உறிஞ்சினால் உப்பும். பல் பட்ட இடம் பள்ளமாகும். எபோனைட்டைப் போல் மெல்லியதாகச் சீவினால் பிளக்கும். தடிமனாக விட்டாலோ வாயை உறுத்தும். அதைக் காக்க மேற்பூச்சு வேண்டும். கிண்ணத் தண்டையும் வாய்முனையையும் பிணைக்கும் முளை, சிலவற்றிலே, மரமே அன்று! தூய்மையின் உள்ளே கலப்பு ஒளிந்துகொண்டு, தூய்மையைத் தாங்கிப் பிடிக்கிறது!

தூய்மை என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு கருத்துகள் குடித்தனம் நடத்துகின்றன. அழுக்கில்லாமை ஒன்று, அயலில்லாமை மற்றொன்று. முன்னதற்குக் காரணம் காட்டலாம்: குடிநீரில் அழுக்கிருந்தால் வாந்திபேதி வரும். பின்னதற்குக் காரணம் கேளுங்கள். முகம் சுளிப்பார்களே தவிர, விடை தரமாட்டார்கள். அழுக்கில்லாமைக்கு நாம் தரும் மரியாதையைத் திருடித்தான் அயலில்லாமை வாழ்கிறது. அயல் என்றாலே அழுக்கு என்று நம்மை நம்ப வைக்கிறது. அக்கிரகாரத்துத் தீண்டாமையும், 1935-இல் ஜெர்மனியிலே யூதர்மீது ஏவப்பட்ட நூரம்பர்க் சட்டங்களும் இந்தத் திருட்டிலே பிறந்தவைதாம்.

நம்மையும் சோதிக்க வேண்டாமா? 'பைப்' என்னாமல் 'சுங்கான்' என்று எழுதுகிறேன். விளங்கும் சொல் கையிலிருக்க வேறு எதற்கு என்பதே காரணமாயின், அது நிற்கும். 'பைப்' என்ற சொல் பட்டால் என் பக்கம் தீட்டாகிவிடும் என்பது காரணமாயின், நானும் அந்தப் பெருமிதக்காரர்தான். ரப்பரையும் எபோனைட்டையும் தயங்காமல் எழுதியிருக்கிறேன். உள்ளூரத் தயங்கினேன் என்பதை மறைக்கமாட்டேன்.

மற்றொன்று. மரம் எதுவாயினும் புகை ஒன்றே. சுங்கான் புகைத்தல் உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணம் என்று 1964-இலேயே அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை அறிவித்துவிட்டது. கலப்பைத் தேடித் தேடி விலக்கியவர் எதை உள்ளே இழுக்கிறார், பாரீர்! அயலை விரட்டிய கை, அழுக்கை அழைத்து உபசரிக்கிறது.

மறுவாரம் பேராசிரியரிடமே கேட்டுவிட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை.

"எபோனைட் வெயில் பட்டால் பச்சை பூத்துக் கசக்கும், தம்பி. கந்தக வாடை அடிக்கும். மரத்திலே அந்தக் கசப்பு இல்லை. அதற்காகத்தான் இதை வாங்கினேன்" என்றார்.

உண்மைதான். நாவுக்கு ஒவ்வியது என்பது நேர்மையான காரணம்; புகைப்பதை ஒப்பாவிடினும் அக்காரணத்தை நான் ஒப்பினேன்.

"இதை அன்றே சொல்லியிருக்கலாமே, ஐயா?" என்றேன்.

சுங்கானைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கலப்பில்லை என்றால் கேட்பவன் வியக்கிறான். கசப்பில்லை என்றால் எவன் வியப்பான்?" என்றார்.