சுத்த சைவம்

டாலாட் போகிறேன் என்றதும் நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அங்க போய் என்னா சாப்புடுவ?" இறைச்சியை விட்டு ஏழு வருடம், பால், முட்டை, நெய், தேன் எல்லாவற்றையும் விட்டு நான்கு வருடம் ஆகிறது. வியட்நாம் என்றாலே மாட்டெலும்பு சூப்பும் மீன் சாஸும்தான் என்று நம் ஊரில் ஒரு பிம்பம் இருக்கிறது. நானும் அதை நம்பித்தான் பை நிறைய பிஸ்கட் எடுத்துக்கொண்டு போனேன். பிரிக்காத பாக்கெட்டுகளோடு திரும்பி வந்தேன்.

டாலாட் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம். கேமரன் மலைக்குப் போனவர்களுக்கு அந்தக் குளிர் பழகியதுதான். கேமரனைப் போலவே இதுவும் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குத் தப்பி ஓடுவதற்காக எழுப்பிய ஊர். 1893-இல் அலெக்ஸாண்டர் யெர்சின் அந்தப் பீடபூமிக்கு வந்துபோனதைத் தொடர்ந்து பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஓய்வு நகரம் ஒன்றைக் கட்டினார்கள். இன்று சரிவுகள் எங்கும் காய்கறித் தோட்டங்களும் பிளாஸ்டிக் கூரை போட்ட பண்ணைகளும்தான். முட்டைக்கோஸ், கேரட், ஸ்ட்ராபெரி, ஆர்ட்டிசோக் எல்லாம் அங்கிருந்து கீழே இறங்குகின்றன. காய்கறி விளையும் ஊரில் மரக்கறிச் சாப்பாட்டுக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். கேமரனில் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விளைவது வேறு, சமைப்பது வேறு.

டாலாட்டில் தேட வேண்டிய சொல் ஒன்றுதான். நம் காதில் அது 'சாய்' என்று விழும். முதலில் டீக்கடை என்றுதான் நினைத்தேன். அது சீனச் சொல்லிலிருந்து வந்தது. கோலாலம்பூரில் காண்டோனீஸ் பேசுகிறவர்கள் மரக்கறிச் சாப்பாட்டை 'ஜாய்' என்பார்கள், அதே சொல். நோன்பு, விலக்கு என்பது அதன் பழைய பொருள். பலகையில் அந்தச் சொல்லைக் கண்டுகொள்ளப் பழகிவிட்டால் நகரமே வேறாகத் தெரிகிறது. பகோடாக்களை ஒட்டிய தெருக்களில், சந்துகளில், சில வீடுகளின் முன்கூடத்தில்கூட அது தொங்குகிறது. சோறும் ஐந்தாறு வகைக் காய்களும் வைத்த தட்டு, காளான் சூப்பில் ஊறிய அரிசி நூடல்ஸ், தாவு வைத்த ரொட்டி எல்லாம் கிடைக்கும். சோயாவில் செய்த பொய்க்கோழியும் பொய்மீனும் உண்டு, நம் ஊர் சீன சைவக் கடைகளைப் போலவே. இரவில் சந்தைப் பக்கம் சூடான சோயா பால் விற்பார்கள். அந்தக் குளிரில் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். காப்பி மட்டும் கறுப்பாகக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்டிப்பால் வந்துவிடும்.

கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. சாய் பலகை இல்லாத கடையில் காய் பிரட்டலில்கூட மீன் சாஸ் இருக்கும். நெத்திலியை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. நம் காங்கோங்கில் பிளாச்சான் ஒளிந்திருப்பது மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் உடனே தெரியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் நாள் காலையில் தங்கியிருந்த இடத்துக்குக் கீழே, ஓர் அம்மா நடைபாதையோரம் நான்கு பிளாஸ்டிக் முக்காலி போட்டு நூடல்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். பாத்திரத்தின் மேல் சாய் என்று எழுதிய அட்டை. லெமன்கிராஸ், தக்காளி, காளான், பொரித்த தாவு. அவ்வளவு நல்ல சூப்பை நான் குடித்ததில்லை. மறுநாள் காலையிலும் அங்கேயே போய் உட்கார்ந்தேன். அவர் அடையாளம் தெரிந்து சிரித்தார். நான் நேற்று சாப்பிட்டதையே விரலால் காட்டினேன். தாவும் காளானும் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பாதிக் கிண்ணம் காலியான பிறகுதான் பாத்திரத்தின் மேல் அட்டை இல்லை என்பதைக் கண்டேன். பக்கத்து மேசைக்காரர் கிண்ணத்தில் எலும்பு இருந்தது.

கைப்பேசி மொழிபெயர்ப்பில் கேட்டேன். இன்று சூப் பன்றி எலும்பில் வைத்தது. நேற்று பௌர்ணமி. வியட்நாமில் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஏராளமான சாதாரண மனிதர்கள் சாய் சாப்பிடுகிறார்கள். அந்த நாட்களில் வழக்கமான கடைகள் சிலவும் சாய்க்கு மாறிவிடும். மறுநாள் பழையபடி.

அந்த நிமிடம் எனக்குள் நடந்ததைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத நினைத்தேன்.

நான் விலங்குகளுக்காக இறைச்சியை விட்டவன். சாதிக்காக அல்ல, மதத்துக்காக அல்ல, புண்ணியத்துக்காகவும் அல்ல. 'சைவம்' என்ற சொல்லையே நான் பயன்படுத்துவதில்லை. ஒரு சமயத்தின் பெயரை எதற்குக் காய்கறிக்கு வைக்க வேண்டும்? 'சுத்த சைவம்' என்ற பலகையைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். சுத்தம் என்று ஒருவன் எழுதி மாட்டும்போதே எதிர்க்கடைக்காரனை அசுத்தம் என்று சொல்லிவிடுகிறான். யார் சமைத்தது, யார் தொட்டது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த சொல் அது. என் வழி கருணையின் வழி என்று மேடையிலேயே பேசியிருக்கிறேன்.

ஆனால் பன்றி எலும்பு என்று திரையில் படித்தபோது எனக்குப் பன்றி நினைவுக்கு வரவில்லை. என் வயிறுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே ஏதோ போய்விட்டது, அதை வெளியே எடுக்க வேண்டும் என்று தோன்றியது. நான்கு வருடம் கெட்டுவிட்டதே என்று தோன்றியது. வெள்ளை வேட்டியில் கறை பட்டவனின் பதற்றம் அது. கருணை அதில் ஒரு சொட்டும் இல்லை. நான் கிண்டல் செய்த அந்தப் பலகை எனக்குள்ளேயே மாட்டியிருந்தது.

அந்த அம்மாவின் முகம் அதைவிட மோசமாக இருந்தது. விஷயம் புரிந்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. என்னை உட்கார வைத்துவிட்டு, சட்டியைக் கழுவி, தாவை லெமன்கிராஸும் மிளகாயும் போட்டு வறுத்து, சோயா சாஸ் ஊற்றிச் சோற்றோடு கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் நின்று நான் வாயில் வைக்கும்வரை பார்த்தார். அந்தச் சட்டியில் முந்தைய நாள் என்ன வெந்ததோ. நான் சாப்பிட்டேன். "பரவாயில்ல, பரவாயில்ல" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

வெளியே வந்து ஏரிக்கரையில் நடக்கும்போது அம்மா நினைவு வந்தது.

சின்ன வயதில் எனக்கு நெய் உருண்டை என்றால் உயிர். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே அம்மா பாசிப்பயறு வறுத்து மில்லில் அரைத்து வந்துவிடுவார். நெய்யைக் காய்ச்சிச் சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். உள்ளங்கை சிவந்துவிடும். நான் பாலை விட்ட பிறகு வந்த முதல் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். தட்டை நீட்டினார். "நெய்தானேமா?" என்றேன். "ஒன்னே ஒன்னுய்யா, ஒனக்குன்னுதான் செஞ்சேன்" என்றார். நான் அங்கேயே, விருந்தாளிகள் முன்னால், பசுவைப் பற்றியும் கன்றைப் பற்றியும் ஒரு பாடம் நடத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த தீபாவளியில் நெய் உருண்டையே செய்யவில்லை. யாருக்கும் செய்யவில்லை.

அதற்கு முன்பும் அவரை விட்டுவைத்ததில்லை. வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசியில் சைவம், மற்ற நாளில் ஆட்டுக்கறி. "வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஆட்டுக்கு உயிர் இருக்குதா?" என்று கேட்டிருக்கிறேன். புத்திசாலித்தனமான கேள்வி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 52 வெள்ளி. நாற்பது வருடத்தில் 2080 நாள். புரட்டாசியைச் சேர்க்காமலே ஐந்தரை வருடத்துக்கு மேல் வருகிறது. நான் பெருமைப்பட்டுக்கொண்ட நான்கு வருடத்தை அம்மா யாரிடமும் சொல்லாமல் எப்போதோ தாண்டியிருக்கிறார். ஆட்டின் கணக்கில் வெள்ளிக்கிழமைக்கும் தத்துவத்துக்கும் வித்தியாசம் கிடையாது. நூடல்ஸ் விற்ற அம்மாவின் பௌர்ணமியை அழகான பண்பாடு என்று ரசித்த நான், என் அம்மாவின் வெள்ளிக்கிழமையைப் பாசாங்கு என்றேன்.

ஆனால் இதை இப்படியே முடித்துவிட்டால் பொய்யாகிவிடும். "அன்போடு கொடுத்தால் எதையும் சாப்பிடலாம்" என்று முடிப்பது சுலபம். படிக்கவும் இனிமையாக இருக்கும். புத்தரே அப்படித்தான் சொன்னார் என்று சிலர் மேற்கோள் காட்டவும் வருவார்கள். அவர் சொன்னது அதுவல்ல. பாலி மரபில் பிச்சை ஏற்கும் துறவிக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. அந்த விலங்கு தனக்காகக் கொல்லப்பட்டதைக் கண்டிருக்கக்கூடாது, கேட்டிருக்கக்கூடாது, அப்படி இருக்கும் என்ற சந்தேகமும் இருக்கக்கூடாது. அப்போது கிண்ணத்தில் விழும் இறைச்சியை ஏற்கலாம். பின்னால் வந்த லங்காவதார சூத்திரம் போன்ற மகாயான நூல்கள் அதையும் மறுத்தன. வியட்நாமியத் துறவிகள் அந்த வழியில் வந்தவர்கள். அதனால்தான் பகோடா இருக்கும் இடத்தில் சாய் இருக்கிறது. பாலும் முட்டையும் வேண்டாம் என்பது எங்கள் தலைமுறை இணையத்தில் கண்டுபிடித்த விஷயம் என்றும் நினைத்திருந்தேன். 2007-இலேயே வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் தன் சங்கத்தாருக்கு அதையே கடிதமாக எழுதியிருக்கிறார்.

அந்தப் பழைய விதியை என் இரண்டு கிண்ணங்களுக்கும் பொருத்திப் பார்த்தால் விடை தலைகீழாக வருகிறது. பன்றி சூப் எனக்காக வைத்தது அல்ல. நான் போயிருக்காவிட்டாலும் அது கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அம்மாவின் நெய் உருண்டையோ எனக்காகவே, என் பெயரைச் சொல்லியே செய்தது. விதிப்படி நான் மறுக்க வேண்டியது அதைத்தான். வாங்குகிறவனுக்கும் பங்கு உண்டு என்ற வாதத்தை வள்ளுவர் 'புலால் மறுத்தல்' அதிகாரத்திலேயே வைத்துவிட்டார். நான் ஒரு உருண்டை எடுத்தால் அடுத்த வருடம் அம்மா இரண்டு டின் நெய் வாங்குவார். ஆகவே அன்றைக்கு நான் வேண்டாம் என்றது தப்பில்லை. இன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் எது தப்பு? டாலாட்டிலும் நான் மறுக்கத்தான் செய்தேன். மீதி சூப்பைக் குடிக்கவில்லை. ஆனால் கிண்ணத்தை மட்டும்தான் மறுத்தேன். அந்த அம்மா அடுத்து நீட்டியதை, கழுவியும் சந்தேகம் தீராத சட்டியில் வந்ததை, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வீட்டில் உருண்டையை மறுத்தபோது அதை உருட்டிய கையையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்த பொறுமையை அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. தெரியாதவர் முன்னால் நான் விருந்தாளி. அம்மா முன்னால் நான் நீதிபதி.

சுத்தத்துக்கும் கருணைக்கும் உள்ள வித்தியாசம் தட்டில் தெரியாது என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு பேர் தட்டிலும் ஒரே தாவு, ஒரே கீரைதான். தட்டில் தவறு நடக்கும்போதுதான் தெரியும். சுத்தம் தன்னைப் பார்த்துக்கொள்ளும், கருணை எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்கும். விலங்குகளுக்காக என்று சொல்லும் நாம் மனிதர்களிடம் நடந்துகொள்வதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நம் கொள்கையை எடைபோடுகிறார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

இதைச் சமரசம் என்று சொல்லக்கூடிய நண்பர்கள் இருக்கிறார்கள். அடிமைப்பட்ட உயிர்களைப் பற்றிப் பேசும்போது அம்மாவின் மனம் எதற்கு என்பார்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. பசுவின் வலிக்கு அம்மாவின் வலி ஈடல்ல. ஆனால் அன்று நான் நடத்திய பாடத்தால் ஒரு பசுவும் பிழைக்கவில்லை. வீட்டில் ஒரு பலகாரம் மட்டும் நின்றுபோனது.

ஊர் திரும்பியதும் அம்மா கேட்டார், "சாப்பாடெல்லாம் எப்புடிய்யா?" சூப் கதையைச் சொன்னேன். மறைக்கவில்லை. சிரிப்பார், "இப்ப என்னா சொல்ற?" என்று குத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பன்றியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பாவம், அந்தம்மாவுக்கு மனசு கஷ்டமாயிருக்குமே. காசாவது வாங்குனாங்களா?"

"வாங்கலமா."

"ஒரு பழம் கிழமாவது வாங்கிக் குடுத்திருக்கலாம்ல."

எனக்குத் தோன்றவே இல்லை. ஊர் முழுக்க ஸ்ட்ராபெரி விற்றார்கள்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இந்த வருடம் நெய் உருண்டை செய்யுங்கள், அண்ணன் பிள்ளைகளுக்காவது வேண்டும், உருட்ட நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நான் சாப்பிட மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். கொஞ்ச மாவைத் தனியாக எடுத்துத் தேங்காய் எண்ணெயில் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"நெய் இல்லாம அது எப்புடிய்யா நெய் உருண்ட?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எண்ணெய் நல்லா சூடா இருக்கணும்" என்றார்.