வகுத்தவரா, ஆடியவரா?

சொன்னவர் ஒருவர், செய்தவர் இன்னொருவர். காரியம் கெட்டுப்போனால் யாரைக் கேட்பது? பழைய கேள்விதான். 2025-ஆம் ஆண்டில் இந்தக் கேள்வி சென்னை நகரமெங்கும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தது.

ஏப்ரல் 5-ஆம் தேதி, சனிக்கிழமை. சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி டெல்லியிடம் தோற்றிருந்தது. பறக்கும் ரயிலில் என் எதிரே இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், மற்றவன் இளைஞன். தரமணியில் ஒரே அலுவலகத்தில் வேலை என்று பேச்சில் தெரிந்தது.

"சொன்னதைச் செய்யத் தெரியாதவங்களை வெச்சுக்கிட்டு கோச் என்னப்பா பண்ணுவார்?" என்றார் பெரியவர்.

"சொன்னதைச் செஞ்சதாலதான் சார் தோத்தோம்!" என்றான் இளைஞன்.

தரமணியில் இறங்கிப் படிக்கட்டை அடைந்த பிறகும் வழக்கு தீரவில்லை.

அன்றைய கணக்கைப் பாருங்கள். வெற்றிக்கு வேண்டியது 184. எடுத்தது ஐந்து விக்கெட்டுக்கு 158. விஜய் சங்கர் 54 பந்தில் 69. தோனி 26 பந்தில் 30. இருவரும் கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. ஐந்து விக்கெட்டுகள் மீதமிருக்க, 25 ரன்னில் தோல்வி! கட்டுச்சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டே ஒருவன் பசியால் மயங்கி விழுந்தானாம், அந்தக் கதைதான். அவிழ்க்கத் தெரியவில்லையா, அவிழ்க்காதே என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார்களா? காலரியில் இருப்பவனுக்கு மட்டை தெரியும். அறைக்குள் நடந்த பேச்சு தெரியாது. ஆகவே வசவு மட்டைக்குப் போகிறது. தரமணியிலேயே திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று தனித்தனியே சொல்லிக் கொடுக்கிறார்கள். படம் விழுந்தால் மட்டும் நாம் கதாநாயகன் பெயரைச் சொல்லியே அழுகிறோம்.

தோனியின் விஷயம் இன்னும் சிக்கலானது. மார்ச் 28-ஆம் தேதி பெங்களூருக்கு எதிராக 197 தேவைப்பட்டபோது, அஸ்வினுக்கும் பின்னால் ஒன்பதாவது ஆளாக வந்தார். 16 பந்தில் 30 அடித்தார். அணி 50 ரன்னில் தோற்றது. ஏன் இவ்வளவு தாமதம் என்று ஊரே கேட்டது. அவருடைய முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங் சில நாளில் விளக்கம் சொன்னார். நாற்பத்து மூன்று வயது முழங்காலை யார் குற்றம் சொல்வது?

ஆனால் அந்த விளக்கத்திலேயே எனக்கு விடை கிடைக்கிறது. இன்னாரால் இவ்வளவுதான் முடியும் என்று தெரிந்த பிறகும் அவரை நம்பி ஆட்டத்தை வகுத்தால், முடியாமற்போனதற்கு வகுத்தவரே பொறுப்பு. குறளில் 'தெரிந்து வினையாடல்' என்ற அதிகாரம் அரசியல் பகுதியில் இருக்கிறது. அது ஆளை அமர்த்துகிற அரசனுக்குச் சொன்னது, அமர்த்தப்பட்டவனுக்கு அன்று.

"என்னால் ஆகாது" என்று தானே விலகுவது செய்பவனின் கடமையல்லவா என்று கேட்கலாம். கடமைதான், சொல்ல முடிந்தவனுக்கு. தோனி சொன்னால் கேட்பார்கள். தரமணியில் ஏதோ ஓர் அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில், தன்னைக் கேட்காமலே மேலே நாள் குறித்துவிட்ட வேலையை ஒரு பையன் இரவெல்லாம் உட்கார்ந்து செய்கிறானே, அவன் சொன்னால்? நாள் தவறினால் கடிதத்தில் அவன் பெயர்தான் வரும். நாள் குறித்தவர் பெயர் வருவதில்லை. இருவருடைய மௌனத்தையும் ஒரே தராசில் நிறுப்பது எனக்குச் சம்மதமில்லை.

பிளெமிங் 2009 முதல் பயிற்சியாளர். 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகள் அவர் காலத்தில் வந்தவை. அவர் திட்டத்தில் எப்படிக் கோளாறு இருக்க முடியும் என்கிறார்கள். திட்டம் சட்டை மாதிரி. உடம்பைப் பார்த்து வெட்டுவது. தம்பிக்குப் பிடிக்கிறது என்று கொண்டுபோனால், "உங்கள் அண்ணனுக்கு அழகாக இருந்ததே!" என்று தையற்காரர் பதில் சொல்லலாமா?

ஏப்ரல் 11-ஆம் தேதி அதே சேப்பாக்கத்தில் கிடைத்தது 103 ரன்தான். கொல்கத்தா அதை 10.1 ஓவரில் முடித்துவிட்டது. சொந்த மண்ணில் தொடர்ந்து ஐந்து தோல்விகள். 14 ஆட்டங்களில் நான்கே வெற்றி. முதன்முறையாகக் கடைசி இடம். பிறகு, நடுவழியில், பதினேழு வயது ஆயுஷ் மாத்ரேயும் டெவால்ட் பிரெவிஸும் உர்வில் படேலும் வந்து சேர்ந்தார்கள். மே 25-ஆம் தேதி அகமதாபாத்தில் அணி 230 ரன் குவித்து, 83 ரன்னில் வென்றது. பயிற்சியாளர் மாறவில்லை, ஆள் மாறியதும் ரன் வந்தது, ஆகவே குற்றம் ஆட்களிடம்தான் என்று பெரியவர் கட்சிக்காரர்கள் மகிழ்ந்துபோனார்கள்.

மார்ச் மாதத்தில் இந்த மூவரும் அணியிலேயே இல்லை. அதுவரை நம்மிடம் திட்டு வாங்கியவர்கள் யாரும் தங்களைத் தாங்களே ஏலத்தில் எடுத்துக்கொண்டவர்கள் அல்லர்.