பொம்மையின் சாவும் நம் பொய்யும்

கடலூர் முதுநகரில் தையல் வேலை செய்து தம் ஒரே மகளை வளர்த்துவரும் தாய் ஒருவர், நமது பங்கைச் சேர்ந்தவர், ஆனி மாதத்தில் ஒரு மாலை பங்கு இல்லத்திற்கு வந்தார். மகளுக்கு ஒன்பது வயது. நாய்க்குட்டி வேண்டுமென்று நாள்தோறும் அழுகிறாள். குடியிருப்பதோ மாடியில் ஒற்றை அறை. வீட்டுக்காரர் பூனைக்குக்கூட ஒப்பமாட்டார். "ஒரு பொம்மை இருக்காம் ஃபாதர். முட்டை மாதிரி இருக்குமாம். அதுக்குள்ள ஒரு குட்டி பிறந்து சாப்பாடு கேட்குமாம். கவனிக்கலைன்னா செத்துப் போயிடுமாம். இருநூறு ரூபாய்க்குள்ள கிடைச்சா வாங்கலாமா? சாகிற பொம்மையைப் பிள்ளை கையில கொடுக்கிறது பாவமில்லையா?"

நாம் முதலில் சிரித்துவிட்டோம். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற ஆண்டுகளில் போர், வட்டி, கருச்சிதைவு என்று பெரிய வினாக்களையெல்லாம் அலசியிருக்கிறோம். பொம்மையின் சாவு பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் அந்தத் தாய் போன பின்பும் அவருடைய வினா போகாமல் நம்மிடமே தங்கிவிட்டது.

அவர் சொன்ன பொம்மை சப்பானில் பிறந்தது. 1996 நவம்பர் 23 அன்று பண்டாய் என்னும் நிறுவனம் 'டமகோச்சி' என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'டமகோ' என்றால் அம்மொழியில் முட்டை. உள்ளங்கையில் அடங்கும் முட்டை வடிவம், சிறு திரை, மூன்று பொத்தான்கள். திரையில் பிறக்கும் குட்டிக்குப் பசிக்கும், அது கழிவு செய்யும், நோயுறும், விளையாட அழைக்கும். தேவை எழும்போதெல்லாம் கீச்சென்று ஒலிக்கும். விலை 1,980 யென். அதை உருவாக்கியவர்களான அக்கி மைத்தா, அக்கிஹிரோ யோக்கோய் இருவருக்கும் 1997இல் பொருளாதாரத்திற்கான 'இக் நோபல்' என்னும் கேலிப்பரிசு கிடைத்தது. இல்லாத பிராணிகளை வளர்ப்பதற்காக மனிதரின் உழைப்பு நேரத்தை இலட்சக்கணக்கில் திருப்பிவிட்டதுதான் அவர்கள் செய்த சாதனையாம்! பல நாடுகளில் பள்ளிகள் அதைத் தடை செய்தன. பிள்ளை பள்ளிக்குச் சென்ற நேரத்தில் குட்டி சாகாதிருக்கத் தாய்மார்கள் அதைத் தம் அலுவலகத்திற்கு எடுத்துச் சென்ற கதையும் உண்டு. ஒன்று நம் கவனத்தை ஈர்த்தது. சப்பானியப் பொம்மையில் குட்டி இறந்தால் ஆவியும் கல்லறையும் தோன்றின. மேலைநாடுகளுக்கு அனுப்பப்பட்டதிலோ குட்டி வானதூதனாகி வேறொரு கோளுக்குத் திரும்பிச் சென்றது. சாவைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்பதில் வணிகருக்கும் தயக்கம் இருந்திருக்கிறது.

ஆனித் திருமஞ்சன விழா முடிந்து கடைகள் முற்றும் பிரிக்கப்படாத ஒரு நாளில், அண்ணாமலைநகர் மருத்துவமனையில் நோயாளி ஒருவரைக் கண்டு திரும்பும் வழியில், சிதம்பரம் கீழவீதியில் நடைபாதைக் கடைகளின் முன் நின்றோம். தாய் கொடுத்தனுப்பிய இருநூறு ரூபாய் சட்டைப்பையில் இருந்தது. அசல் டமகோச்சி இன்று ஆயிரக்கணக்கில் விலை போவது. கடைத்தெருவில் கிடைப்பவை அதன் மலிவான நகல்கள். நூற்றறுபத்தெட்டுப் பிராணிகள் ஒன்றுக்குள் அடக்கம் என்று அட்டை அறிவித்தது. நூற்றறுபத்தெட்டுப் பிள்ளைகள் பெற்ற அன்னையை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் விளம்பரத்தை நம்புகிறோம். ஒன்றில் பின்மூடி விரல் நகத்துக்கே கழன்று வந்தது. அதைத் திருப்பி வைத்துவிட்டோம். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகிவிடக் கூடும். ஆகவே திருகாணி போட்டு மூடப்பட்டதையே தேர்ந்தோம். ஒலியை அடக்க வழியுண்டா என்று பார்த்தோம், இருந்தது. குட்டியை உறங்கவைத்து நிறுத்திவைக்க வழியுண்டா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "அதெல்லாம் நூத்திருபது ரூபாய்க்கு வராது சாமி" என்றார். மீதி எண்பது ரூபாய். அங்கி அணிந்த குருவானவர் பொம்மைக்குப் பேரம் பேசுவதை இரண்டு கல்லூரி மாணவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பேருந்தில் திரும்புகையில் கடலூர் வண்டிப்பாளையத்துக் கைவினைஞர்களை எண்ணிக்கொண்டோம். அவர்கள் வனையும் கொலுப் பொம்மைகள் எதையும் கேட்பதில்லை. நம் பாட்டிமார் காலத்து மரப்பாச்சியும் கேட்டதில்லை. மரப்பாச்சிக்கு எப்போது பசிக்கும் என்பதைக் குழந்தையே முடிவு செய்தாள். அவள் உறங்கினால் அதுவும் உறங்கியது. இந்த முட்டையிலோ பசி பொம்மையின் பக்கம் இருக்கிறது. அழைப்பது அது, எழுவது குழந்தை. விளையாட்டில் இது சிறிய மாற்றம் அன்று. சிலர் இதனாலேயே இப்பொம்மையைப் பழிக்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. மெய்யான குழந்தையும், முதியவரும், நோயாளியும் நம் வசதி பார்த்தா அழைக்கிறார்கள்?

உணர்வில்லாததைப் பேணுவது பேணுதல் ஆகுமா என்பதே உண்மையான வினா. நம் முன்னோர் இதில் தாராளமாகவே இருந்தனர். கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குப் பாரி தேர் ஈந்தான். மயிலுக்குக் குளிருமென்று பேகன் போர்வை ஈந்தான். மயில் போர்த்திக்கொள்ளாது என்பதை அறியாதவனா அவன்? 'கொடைமடம்' என்று அதற்கொரு பெயரிட்டு, மடமை என்ற சொல்லையே புகழாக்கினார்கள். நற்றிணையில் ஒரு நெய்தல் தலைவி, சிறுமியாயிருந்தபோது தோழியரோடு மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்துவிட, அதைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறாள். தாய் அம்மரத்தை அவளுடைய உடன்பிறப்பு என்று சொல்லிவிடுகிறாள். பின்னாளில் அந்த மர நிழலில் காதலனோடு நகைத்துப் பேச அவளுக்கு நாணம். புனித தோமா அக்குவினாரும், விலங்குகளிடம் இரக்கம் காட்டுமாறு பழைய ஏற்பாட்டுச் சட்டம் மக்களைப் பழக்கியது மனிதரிடம் இரக்கம் சுரப்பதற்கே என்று விளக்குகிறார். புன்னைக்கும் மயிலுக்கும் உயிருண்டு. பொம்மைக்கு இல்லை என்று வாசகர் மறுக்கலாம். உண்மை. ஆயினும் பழகுவது பேணுபவரின் நெஞ்சு அன்றோ?

அப்பழக்கம் திசைமாறிப் போகவும் கூடும் என்று எச்சரிப்பவர் புனித அகுஸ்தினார். பள்ளி நாள்களில் வெர்ஜிலின் காவியத்தைப் படித்து, காதலன் பிரிந்ததால் தன்னை மாய்த்துக்கொண்ட தீதோ அரசிக்காகக் கண்ணீர் வடித்ததையும், அதே வேளையில் இறைவனைப் பிரிந்து தம் ஆன்மா செத்துக்கொண்டிருந்ததற்கு ஒரு துளியும் சிந்தாததையும், தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிடும் நூலில் அவர் நொந்து எழுதுகிறார். அந்தப் பகுதியைக் குருமடத்தில் படித்தபோது, கதைக்கு அழுத சிறுவனிடம் அவர் சற்றுக் கடுமையாக நடந்துகொள்கிறார் என்று எண்ணினோம். இப்போது அப்படி எண்ணவில்லை. காரணத்தைச் சொல்லவேண்டும்.

சிறுமியின் முதற்குட்டி நான்கு நாளில் இறந்தது; இரண்டாவது ஒரு வாரத்தில். பொம்மையின் பின்புறத்துச் சிறு துளையில் ஊசியால் அழுத்தினால் புதிய முட்டை வரும். மூன்றாவது பிழைத்துக்கொண்டது. அதற்கு முத்து என்று பெயரிட்டாள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெயர் வைத்தாள் என்பதை அப்போது நாம் பொருட்படுத்தவில்லை. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்தது. பத்து நாளைக்குப் பொம்மை வீட்டில் இருக்கக்கூடாது என்று தாய் சொல்ல, அவள் முத்துவை நம்மிடம் ஒப்படைத்தாள். எப்போது சோறு, எப்போது ஊசி, எப்போது விளக்கணைப்பது என்று நோட்டுத் தாளில் எழுதியும் தந்தாள். அன்று முத்துவுக்குப் பதினேழு வயது. பொம்மைக் கணக்கில் ஒரு நாள் ஓராண்டு.

மூன்றாம் நாள் முற்பகல், பங்கு இல்லத் திண்ணையில் முதிய தாய் ஒருவர் தம் மகனைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் வெளிநாட்டில் இருக்கிறான், தொலைபேசியில் அழைப்பதில்லை. அப்போது சட்டைப்பையில் கீச்சொலி எழுந்தது. ஒலியை அடக்கி வைத்திருக்கலாம்; அடக்கவில்லை. நம் கை தானாகப் பைக்குச் சென்றது. "போன் வருது போல, பேசுங்க சாமி" என்று அவர் நிறுத்தினார். நாம் அதை எடுத்து, பொத்தானை அழுத்தி, திரை தெளிந்ததும் நிமிர்ந்தோம். அவர் எழுந்துவிட்டிருந்தார். "பரவாயில்லை சாமி, அப்புறமா வர்றேன்." மகன் பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்று அவர் சொன்னாரே, அந்த எண் இன்று நமக்கு நினைவில் இல்லை. முத்துவுக்கு அப்போது வேண்டியிருந்தது ஓர் ஊசி என்பது நன்றாக நினைவிருக்கிறது.

ஏன் அப்படி? முத்துவின் தேவையைப் பொத்தானால் தீர்க்க முடிந்தது. அந்த அன்னையின் தேவையைத் தீர்க்க நம்மிடம் எதுவும் இல்லை. உடன் அமர்ந்திருப்பது ஒன்றே வழி. தீர்க்கக்கூடிய அழுகையை நோக்கிக் கை ஓடுகிறது. தீராத அழுகையை விட்டு மெல்ல விலகுகிறது. இதைப் பொம்மை நமக்குக் கற்பிக்கவில்லை; முன்பே நம்மிடம் இருந்ததைக் காட்டிக்கொடுத்தது.

வெட்கத்தில் அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினோம். மாலைதோறும் மட்டும் எடுத்துப் பார்த்தோம். வியாழக்கிழமை மாலை நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்து தேவனாம்பட்டினம் சென்றோம். இரவு நெடுநேரம் ஆகிவிட்டது. வெள்ளி காலை திரையில் சிறகு முளைத்த ஓர் உருவம் மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. நாம் செய்தது இது: ஊசியால் அழுத்திப் புதிய முட்டையை வரவழைத்தோம். சனிக்கிழமை அவள் வந்து, "முத்து எப்படி இருக்கான் ஃபாதர்?" என்றபோது, "நன்றாக இருக்கிறான்" என்றோம்.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடம் தருகிறார். பொய்மை குறித்து இரண்டு நூல்கள் எழுதிய அகுஸ்தினாரோ, எந்த நன்மைக்காகவும் பொய்க்கு இடம் தரவில்லை. இருவருள் யார் பக்கம் நிற்பது என்று அந்நேரத்தில் நாம் ஆராயவில்லை, வாய் முந்திக்கொண்டது. அவள் திரையைப் பார்த்தாள். வயது ஒன்று என்று காட்டியது. எதுவும் சொல்லாமல் பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அன்றிரவு 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வந்தது. ஆழிப்பேரலை ஓய்ந்த நாள்களில் இக்கரையோர முகாம் ஒன்றில், தகப்பனை இழந்த சிறுவனிடம் உறவினர் ஒருவர், "அப்பா ஊருக்குப் போயிருக்கார், வந்துடுவார்" என்று சொல்ல, இளங்குருவாய் அருகில் நின்ற நாம் வாய்மூடியிருந்தோம். அதை இரக்கம் என்று அன்று பெயரிட்டுக்கொண்டோம். பொம்மையின் சாவையும் மனிதனின் சாவையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் எண்ணவேண்டாம். சொன்ன பொய்யின் வகை ஒன்றுதான்: போனது போகவில்லை என்பது.

உயிர்ப்பைப் போதிக்கும் நமக்கு இதில் தனிப்பட்ட கூச்சம் உண்டு. ஊசிமுனையில் வரும் புதிய முட்டை உயிர்ப்பன்று. உயிர்த்த ஆண்டவர் தோமையாருக்குக் காட்டியது ஆணி பாய்ந்த கைகளையும் ஈட்டி குத்திய விலாவையும். நடந்தது அழிக்கப்படவில்லை, தழும்போடு வந்தவர் அவரேதான். புதிய முட்டைக்குத் தழும்பு இல்லை. பதினேழு நாள் தன்னைக் காத்தவளை அதற்குத் தெரியாது. பழையதும் புதியதும் ஒன்றே என்று நினைத்தவர் இறையியல் படித்த நாம். ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் வைத்தவள் அந்தச் சிறுமி.

சப்பானிலேயே இதற்கொரு எதிர்க்காட்சி உண்டு. சோனி நிறுவனம் 1999இல் விற்கத் தொடங்கிய 'ஐபோ' என்னும் எந்திர நாய்களுக்கு 2014இல் பழுதுபார்க்கும் வசதி நின்றுபோனது. அதன் பின்னர் சீபா மாநிலத்தில் ஒரு பௌத்த ஆலயத்தில் அவற்றிற்கு இறுதிச் சடங்கு நடத்தி, உதிரிபாகங்களை மற்ற நாய்களுக்குக் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்துச் சிரித்த அன்பர்கள் சிலர் உண்டு. நாமோ, போனதைப் போனது என்று சொல்லத் தெரிந்தவர்களாகவே அவர்களைக் காண்கிறோம்.

ஞாயிறு திருப்பலி முடிந்து அவளைத் தனியே அழைத்து, முத்து வியாழன் இரவு இறந்துவிட்டதையும், நாம் பொய் சொன்னதையும் சொன்னோம்.

"தெரியும்" என்றாள். பிறகு, "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

தேவனாம்பட்டினத்தில் ஒரு பாட்டிக்கு உடல்நிலை மோசமாக இருந்தது, அவருடன் இருந்தோம் என்றோம்.

"அந்தப் பாட்டி?"

"பிழைத்துக்கொண்டார்."

சற்று நேரம் யோசித்துத் தலையசைத்தாள். அதற்குள் அவளுடைய பையில் கீச்சென்று ஒலித்தது. எடுத்துச் சோறு கொடுத்தாள். இதற்குப் பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டோம். இன்னும் இல்லை என்றாள்.

திண்ணையில் பேசிய முதியவரை மறுநாள் அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தோம். மகனைப்பற்றி முதலிலிருந்து சொல்லுங்கள் என்றோம், நெடுநேரம் சொன்னார். மாதக் கணக்கு பதினொன்று.

பொம்மையின் பேட்டரி தீரப்போகிறதாம்; திரை மங்கிவருகிறது. புதிது போடலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று சென்ற வாரம் தாய் கேட்டார். மகளைக் கேளுங்கள் என்று சொல்லி, மீதி எண்பது ரூபாயை அவரிடம் திருப்பிக் கொடுத்தோம்.