நடுங்கும் குச்சியில் மின்சாரம்

வாத்தலையில் காவிரியை விட்டுப் பிரிந்து அரியலூர்ப் பக்கம் வரும் புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது, கரையோரம் யாரோ ஊன்றிவிட்டுப் போன மூங்கில் குச்சியைக் கவனியுங்கள். ஓட்டத்தோடு சாய்ந்து நிற்பதோடு விடாது; இடமும் வலமுமாக நடுங்கும். நுனியைத் தொட்டால் விரலில் கிர்ரென்று ஏறும். தண்ணீர் தள்ளுவது முன்னோக்கி, குச்சி ஆடுவதோ பக்கவாட்டில். ஏன்?

குச்சியைச் சுற்றி வரும் நீர் அதன் முதுகுப்புறத்தில் ஒட்டிப்போக முடியாமல் பிய்ந்துகொள்கிறது. இடப்பக்கம் ஒரு சுழல், அடுத்து வலப்பக்கம் ஒன்று என மாறி மாறிக் கழன்று போகும். சுழல் உருவாகும் பக்கம் அழுத்தம் குறைய, குச்சி அங்கே இழுபடும். இந்தச் சுழல் வரிசையை 1911-12இல் கணக்கில் பிடித்தவர் தியோடர் வான் கார்மன். ஓட்ட வேகத்தைக் குச்சியின் தடிமனால் வகுத்து, ஐந்தில் ஒரு பங்கு எடுங்கள்; நொடிக்கு எத்தனை ஆட்டம் என்று ஏறக்குறையத் தெரியும். நொடிக்கு அரை மீட்டர் ஓட்டம், 2 செ.மீ. குச்சி என்றால் 5 ஆட்டம். குச்சியின் இயல்பான ஆட்டமும் அதுவாகவே அமைந்துவிட்டால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல் ஆட்டம் பெருகும்.

கடலடிக் குழாய் பதிக்கும் பொறியாளர்களுக்கு இது பகை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெர்னிட்சாஸ் அந்தப் பகையை வேலைக்கு வைத்தார். நீருக்குள் படுக்கவைத்த உருளையை ஸ்பிரிங் தாங்கும். அது ஏறி இறங்க, இணைத்த ஜெனரேட்டர் சுழலும். டர்பைன் திணறும் மெதுவான ஓட்டத்திலும் இது ஆடும் என்பது அவர் வாதம்.

நம்மூர் ஆறுகளில் வைக்கலாமா? எனக்குச் சந்தேகம்தான். வேகம் பாதியானால் ஓட்டத்தின் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். நொடிக்கு 1 மீட்டர் ஓடினால் ஒரு சதுர மீட்டர் முகப்பில் 500 வாட். அரை மீட்டர் என்றால் 62 வாட். அதிலும் ஒரு பங்குதான் கைக்கு வரும். பெரம்பலூர் மாவட்டத்தைக் கடந்து வரும் மருதையாறோ மழைக்கு மட்டும் ஆறு. 1956 நவம்பர் 23 விடியலில் அரியலூர் அருகே ரயில் பாலத்தைச் சாய்த்து, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரியைப் பதவி விலக வைத்தது அதன் வெள்ளம்தான். (அன்று பாலம் போனது நடுக்கத்தால் அல்ல, அரிப்பால்.) மழை ஓய்ந்தால் மணல். கொள்ளிடமும் காவிரியின் மிகைநீருக்கு வடிகால்.

மிஞ்சுவது வாய்க்கால். திறந்துவிட்ட மாதங்களில் சீராக ஓடும். வீட்டு விளக்குக்குக் கட்டுப்படியாகாது; மதகில் நீரளவைப் பார்த்துப் போனுக்கு அனுப்பும் சிறு கருவிக்குச் சில வாட் போதும். அதற்கும் இப்போதைக்கு மதகின்மேல் ஒரு சோலார் தகடு மாட்டுவதே மலிவு.